'ஸ்விட்ச் ப்ரோ' ஏன் வரவே இல்ல? கன்சோலுக்கு நடுவுல ஒரு அப்கிரேடா, அடுத்த தலைமுறையா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்க சுருக்கி, திருத்தியிருக்கேன்.)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, என்கிட்ட பிஎஸ்5 இருக்கு. இப்பதான் முதல் போனஸ் வந்துச்சு. இதை வித்துட்டு பிஎஸ்5 ப்ரோ வாங்கலாமா, இல்ல பிஎஸ்6 வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா? அப்புறம் இன்னொண்ணு, நிண்டெண்டோ மட்டும் ஏன் ஸ்விட்ச் ப்ரோன்னு ஒண்ணு விடவே இல்ல?"

ரெண்டு கேள்வி மாதிரி தெரியும். எனக்கு இது ஒரே கேள்விதான். இதுல நான் ஏற்கனவே ஒரு தடவை ஏமாந்திருக்கேன், அதனால அந்தக் கதையிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

2021. எனக்கு முதல் வேலை, வீட்லேர்ந்தே ஆபீஸ். கன்சோல் வாங்கணும்னு தனியா பணம் சேர்த்து வச்சிருந்தேன். ஆனா வாங்கல. ஏன்னா அந்த வருஷம் முழுக்க "4கே ஸ்விட்ச் வருது"ன்னு செய்தி. ப்ளூம்பெர்க் மாதிரி பெரிய இடத்துலயே எழுதினாங்க. என்விடியாவோட புது சிப், டிவியில 4கே, எல்லாம் வரப்போகுதுன்னு பேச்சு. ஜூலை 6ஆம் தேதி நிண்டெண்டோ ஒரு வீடியோ விட்டாங்க. ஓடிப்போய் பார்த்தா, ஸ்விட்ச் ஓலெட் மாடல். 7 இன்ச் நல்ல ஸ்கிரீன், நல்ல ஸ்டாண்டு, 64 ஜிபி ஸ்டோரேஜ். சிப்? அதே சிப். ரேம்? அதே 4 ஜிபி. விலை மட்டும் 300 டாலர்லேர்ந்து 350.

அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே! ஒரு வருஷம் காத்திருந்தது வெறும் ஸ்கிரீனுக்கான்னு இருந்துச்சு. அப்புறம் வருஷக் கடைசியில இறக்குமதி பண்ணி விக்கிற ஒரு கடையில அதையேதான் வாங்கினேன், அது வேற விஷயம்.

இப்ப ஸ்விட்ச் 2 வந்த பிறகு திரும்பிப் பார்த்தா, நான் அன்னைக்குக் கேட்டதே தப்பான பொருள்னு தோணுது. அது ஏன்னு சொல்றதுதான் இந்த எபிசோடு.

நடுவுல வர்ற அப்கிரேடுன்னா என்ன?

இதுக்கு நல்ல உதாரணம் பிஎஸ்4 ப்ரோ. பிஎஸ்4 வந்தது 2013 நவம்பர். சரியா மூணு வருஷம் கழிச்சு, 2016 நவம்பர் 10ஆம் தேதி, 399 டாலருக்கு ப்ரோ வந்தது. அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னா, வீட்டுக்கு வீடு 4கே டிவி வர ஆரம்பிச்சது. 1080பிக்கு செஞ்ச பெட்டியை 4கே டிவியில போட்டா படம் மங்கலாத் தெரியும். பிரச்சினை படத்துலதான். அதனால தீர்வும் படத்துக்குத்தான்.

சோனி செஞ்சது என்னன்னா, படம் வரையற ஜிபியுவை அப்படியே டபுள் ஆக்கினாங்க. பழசுல 18 கம்ப்யூட் யூனிட், ப்ரோவுல 36. டெராஃப்ளாப் கணக்குல 1.84லேர்ந்து 4.2. ஒரு பழைய கேமைப் போட்டா, அந்த 36ல பாதியை அணைச்சுட்டு, வேகத்தையும் பழைய அளவுக்குக் குறைச்சு, "நான் சாதா பிஎஸ்4தான்"னு அந்த கேம்கிட்ட நடிக்கும். அதனால ஏற்கனவே வெளியான கேம் எதுவும் உடையல. ஒரு இஞ்சினியரா இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ஆனா சிபியு? அதே ஜாக்வார். வேகம் மட்டும் 1.6லேர்ந்து 2.1 கிகாஹெர்ட்ஸ். மெயின் ரேம்? அதே 8 ஜிபி. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் கதையே.

இதோட ஒரு விதியும் உண்டு. ப்ரோவுல ஓடற ஒவ்வொரு கேமும் சாதா பிஎஸ்4லயும் ஓடியாகணும். ப்ரோவுக்கு மட்டும்னு கேம் கிடையாது. 2017ல சோனி சொன்ன கணக்குப்படி, ப்ரோ வந்ததுக்கு அப்புறம் விற்ற அஞ்சு பிஎஸ்4ல ஒண்ணுதான் ப்ரோ. மீதி நாலு பேரை விட்டுட்டு எந்த டெவலப்பர் கேம் செய்வார்?

கடைசி ஆள்தான் முடிவு பண்றார்

நான் வேலை பார்க்கிறது ஒரு மொபைல் ஆப் டீம்ல. எங்க டெஸ்ட் டேபிள்ல ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன் இருக்கும், 2 ஜிபி ரேம். புதுசா ஒரு வசதி சேர்க்கணும்னு யாராவது சொன்னா, எங்க மேனேஜர் அந்த போனைத்தான் எடுத்து நீட்டுவார். "இதுல ஓடுமா?" அவ்வளவுதான் கேள்வி. கையில புது ஃப்ளாக்‌ஷிப் போன் வச்சிருக்கிற யூசருக்கு அனிமேஷன் அழகா இருக்கும், படம் கூர்மையா இருக்கும். ஆனா ஆப் என்ன செய்யும், என்ன செய்யாதுன்னு தீர்மானிக்கிறது அந்தப் பழைய போன்தான்.

கன்சோல்லயும் இதேதான். படத்தை ஏத்தலாம் இறக்கலாம். ரெசல்யூஷனைக் குறை, நிழலைக் குறை, தூரத்து மரத்தைக் குறை. ஆனா கேமுக்குள்ள எத்தனை பேர் நடமாடுறாங்க, உலகம் எவ்வளவு பெருசு, ஒரு சுவரை உடைச்சா அது உடைஞ்சபடியே இருக்குமா, இதெல்லாம் சிபியுவும் மெமரியும் செய்ற வேலை. இதைப் பாதியாக் குறைச்சா அது வேற கேம் ஆயிடும்.

2023ல பால்டர்ஸ் கேட் 3க்கு நடந்ததைப் பாருங்க. செப்டம்பர்லயே பிஎஸ்5க்கு வந்துடுச்சு. எக்ஸ்பாக்ஸ்ல டிசம்பர் ஆச்சு. காரணம், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 16 ஜிபி மெமரி, அதோட சின்னத் தம்பி சீரிஸ் எஸ்ஸுக்கு 10 ஜிபி. ரெண்டு பேர் ஒரே டிவியில ஸ்கிரீனைப் பிரிச்சு ஆடற வசதியை சீரிஸ் எஸ்ல கொண்டுவர முடியல. கடைசியில சீரிஸ் எஸ்ஸுக்கு மட்டும் அந்த வசதி இல்லாமலே விடறதுன்னு முடிவாச்சு. படத்தைக் குறைச்சு சரி பண்ற பிரச்சினையா இருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்.

சைபர்பங்க் நடத்தின பரீட்சை

இதுக்கு இதைவிட நல்ல சாட்சி ஒண்ணு இருக்கு. சைபர்பங்க் 2077.

2020 டிசம்பர் 10ஆம் தேதி வெளியாச்சு. சாதா பிஎஸ்4ல அது ஓடின லட்சணத்தைப் பார்த்து, ஒரே வாரத்துல சோனி அதைத் தங்களோட ஸ்டோர்லேர்ந்தே எடுத்துட்டாங்க. திரும்ப வந்தது 2021 ஜூன்ல. அப்புறம் 2023ல ஃபேண்டம் லிபர்ட்டின்னு பெரிய எக்ஸ்பான்ஷன், கூடவே 2.0 அப்டேட். ரெண்டுமே பிஎஸ்4க்கு வரல. சாதா பிஎஸ்4க்கு மட்டும் இல்ல, ப்ரோவுக்கும் வரல.

இப்ப 2025 ஜூன் 5. ஸ்விட்ச் 2 வெளியான அதே நாள்ல சைபர்பங்க் அதுக்கு வருது, ஃபேண்டம் லிபர்ட்டியோட சேர்த்து. கையில பிடிச்சு, பஸ்ல உக்காந்து ஆடலாம்.

கணக்கைப் பாருங்க. பிஎஸ்4 ப்ரோ 4.2 டெராஃப்ளாப். ஸ்விட்ச் 2 டிவியில மாட்டினாலே சுமார் 3தான். கையில வச்சு ஆடும்போது அதுக்கும் கம்மி. ஒரு விஷயம் நேர்மையா சொல்லிடறேன்: வேற வேற காலத்து ஜிபியுக்களை டெராஃப்ளாப் வச்சு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. டிஎல்எஸ்எஸ் மாதிரி, சின்னப் படத்தைப் பெருசாக்கற நுட்பமும் ஸ்விட்ச் 2க்குக் கை கொடுக்குது. இருந்தாலும், காகிதத்துல அதிக பலம் உள்ள பெட்டியால முடியாததை ஒரு கையடக்கப் பெட்டி செய்யுதுன்னா, வித்தியாசம் வேற எங்கயோ இருக்குன்னுதானே அர்த்தம்? ஸ்விட்ச் 2ல 8 கோர் உள்ள புது சிபியு, 12 ஜிபி ரேம், சுத்தற ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா வேகமான ஃப்ளாஷ் ஸ்டோரேஜ். பிஎஸ்4 ப்ரோவுல அடைப்பு இருந்த இடங்கள் இதெல்லாம்தான்.

குழாயில தண்ணி வரலன்னா முதல்ல அடைப்பு எங்கன்னு பார்க்கணும். அதைப் பார்க்காம மொட்டைமாடியில பெரிய டேங்க் வச்சா என்ன பிரயோஜனம்?

அப்ப ஸ்விட்ச்சுல அடைப்பு எங்க இருந்துச்சு?

ஸ்விட்ச் வந்தது 2017 மார்ச் 3. அதுக்குள்ள இருந்த டெக்ரா எக்ஸ்1 சிப்பை என்விடியா அறிவிச்சது 2015 ஜனவரியில. அதாவது பிறக்கும்போதே ரெண்டு வயசு. நாலு சிபியு கோர், அதுல ஒண்ணை சிஸ்டம் எடுத்துக்கும், கேமுக்கு மூணு. வேகம் 1 கிகாஹெர்ட்ஸ்தான். 4 ஜிபி ரேம்.

2022 நவம்பர்ல போகிமான் ஸ்கார்லெட், வயலட் வந்தப்ப ஃப்ரேம் ரேட் தடுமாறி, தூரத்துல நடக்கிறவங்க பொம்மலாட்டம் மாதிரி விட்டு விட்டு அசையறதை எல்லாரும் கிண்டல் பண்ணாங்க. நிண்டெண்டோவே வருத்தம் தெரிவிக்க வேண்டியதாச்சு.

அதைவிட முக்கியமான சாட்சி மரியோ கார்ட் வேர்ல்ட். இதை முதல்ல ஸ்விட்ச்சுக்குன்னுதான் செய்ய ஆரம்பிச்சாங்க. மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல ஒரு ரேஸுக்கு 12 பேர். இதுல 24 பேர். ட்ராக்குகள் தனித்தனியா இல்லாம, எல்லாம் ஒரே பெரிய உலகத்துல இணைஞ்சு இருக்கணும். பழைய ஸ்விட்ச்சுல அதைச் செய்யப் போராடிப் பார்த்துட்டு, கடைசியில அடுத்த கன்சோலுக்கு மாத்தினதா அந்த டீமே பேட்டியில சொல்லியிருக்காங்க. டாங்கி காங் பனான்சாவும் அதே கதைதான். மலை, தரை, சுவர் எல்லாத்தையும் குத்தி உடைச்சுக்கிட்டே போற கேம். அதுவும் ஸ்விட்ச்சுல தொடங்கி ஸ்விட்ச் 2க்குப் போனது.

இப்ப யோசிச்சுப் பாருங்க. 2021ல நான் ஆசைப்பட்ட மாதிரி ஒரு ஸ்விட்ச் ப்ரோ வந்திருந்தா? செல்டா 4கேல அழகா தெரிஞ்சிருக்கும். ஆனா எல்லா கேமும் பழைய ஸ்விட்ச்சுலயும் ஓடணும்ங்கிற விதி இருக்கே. அப்ப மரியோ கார்ட்ல 12 பேர்தான். பனான்சாவுல பாதி சுவர் உடையாது. ஜிபியு இன்னும் கொஞ்சம் பெருசா இருந்திருந்தா தீர்ந்துபோற பிரச்சினை இல்ல இது.

இன்னும் ரெண்டு முட்டுக்கட்டை

முதலாவது பேட்டரி. பிஎஸ்4 ப்ரோ சுவர்ல பிளக் மாட்டற பெட்டி. ஜிபியுவை டபுள் ஆக்கினா பெட்டியைப் பெருசாக்கி, பெரிய பவர் சப்ளை வச்சா போச்சு. கையில பிடிக்கிற மெஷினுக்கு அந்த வழி இல்ல. 2019ல ஸ்விட்ச்சுக்கு அதே சிப்போட சிக்கனமான வடிவம் வந்தப்ப, அந்த மிச்சத்தை நிண்டெண்டோ வேகத்துக்குச் செலவு பண்ணல. பேட்டரி நேரத்துக்குத்தான் கொடுத்தாங்க. இரண்டரை மணி நேரம் நின்னது நாலரை மணி நேரமாச்சு. நல்லா யோசிச்சா, அதுதான் உண்மையான ஸ்விட்ச் ப்ரோ. யாரும் கொண்டாடல, அவ்வளவுதான்.

ரெண்டாவது கொஞ்சம் டெக்னிக்கல். கம்ப்யூட்டர்ல கேம் ஆடும்போது, படம் வரையற சின்னச் சின்ன புரோகிராம்களை, அதாவது ஷேடர்களை, உங்க கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏத்த மாதிரி உங்க மெஷினே தயார் பண்ணிக்கும். "ஷேடர் கம்பைல் ஆகுது"ன்னு காக்க வைக்குமே, அதுதான். கன்சோல்ல அந்தத் தொல்லை கிடையாது. எல்லாரோட பெட்டியும் ஒண்ணுதானே? அந்த ஜிபியுக்குன்னே அளவெடுத்துத் தைச்சு, கேமுக்குள்ளயே வச்சு அனுப்பிடுவாங்க. ஆள் மாறினா சட்டை பொருந்தாது.

சோனி அதே ஜிபியு குடும்பத்துல இன்னும் பெருசா ஒண்ணு போட்டதால பழைய சட்டை பொருந்துச்சு. நிண்டெண்டோவுக்கு அந்த வசதி இல்ல. டெக்ரா எக்ஸ்1க்கு அப்புறம் என்விடியாவோட டெக்ரா சிப்கள் கார், ரோபோன்னு போயிடுச்சு. புது ஜிபியு போட்டா பழைய கேம் எதுவும் அப்படியே ஓடாது. ஸ்விட்ச் 2ல இதைச் சமாளிக்க, பழைய கேமோட கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து புது சிப்புக்குக் கொடுக்கிறாங்க. இவ்வளவு பெரிய வேலையைப் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, அதை ஒரு ப்ரோவுக்காக ஏன் பண்ணணும்?

நிண்டெண்டோ இதை முன்னாடி செஞ்சு பார்த்திருக்கு

நடு அப்கிரேடு நிண்டெண்டோவுக்குப் புதுசு இல்ல. 2014ல ஜப்பான்ல நியூ 3டிஎஸ் வந்தது. பழைய 3டிஎஸ்ஸை விட ரெட்டிப்பு மெமரி, வேகமான சிபியு. அடைப்பு எங்கன்னு சரியா பார்த்துதான் செஞ்சாங்க. ஜெனோபிளேட் கிரானிக்கிள்ஸ் 3டின்னு ஒரு கேம், நியூ 3டிஎஸ்ல மட்டும்தான் ஓடும். ஆனா அந்த மாதிரி கேம் கைவிரல் விட்டு எண்ணற அளவுதான் வந்தது. ஏன்? பழைய 3டிஎஸ் வச்சிருந்த கூட்டம் அவ்வளவு பெருசு. அவங்களை விட்டுட்டுப் போக யாருக்கும் மனசு வரல, கணக்கும் வரல.

அப்ப எப்பவும் அடுத்த தலைமுறைதான் சரின்னு சொல்ல வரல. அதுலயும் கை சுட்டிருக்கு. வீ 10 கோடிக்கு மேல விற்றது. அடுத்து 2012ல வந்த வீ யு, மொத்த ஆயுசுக்கும் 1 கோடியே 35 லட்சம்தான். பேரைக் கேட்டா பழைய வீக்கு வந்த ஒரு துணைப்பொருள் மாதிரி இருந்துச்சு, அது புது கன்சோல்னே பல பேருக்குப் புரியல. புது தலைமுறைன்னா எல்லாரையும் மறுபடியும் முதல்லேர்ந்து கூட்டிட்டு வரணும். 15 கோடி ஸ்விட்ச் விற்ற கம்பெனிக்கு அது லேசான முடிவு இல்ல. பேர்லயே "2"ன்னு பச்சையா எழுதினதும், பழைய கேம்களை ஓட வைக்க அவ்வளவு மெனக்கெட்டதும் அதனாலதான்னு நினைக்கிறேன். முதல் நாலு நாள்ல 35 லட்சம் விற்றது. செப்டம்பர் கடைசிக்குள்ள 1 கோடியைத் தாண்டிடுச்சு.

சரி, தம்பி கேட்டதுக்கு வருவோம்

பிஎஸ்5 ப்ரோ வந்தது 2024 நவம்பர் 7, 700 டாலர். டிஸ்க் டிரைவ் கூட தனியாத்தான் வாங்கணும். அப்ப இந்தியாவுக்கு அது வரவே இல்ல. அதுல இருக்கிற புது வைஃபை 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்தும், அதுக்கு இங்க அன்னைக்கு அனுமதி இல்ல. அதனால நம்ம பக்கம் பல பேர் வெளியிலேர்ந்து கூடுதல் விலை கொடுத்துத்தான் வாங்கினாங்க.

உள்ள என்ன இருக்கு? ஜிபியுவுல 67 சதவீதம் அதிக கம்ப்யூட் யூனிட். படம் வரையற வேகம் 45 சதவீதம் வரைக்கும் அதிகம்னு சோனி சொல்றாங்க. படத்தைக் கூர்மையாக்க பிஎஸ்எஸ்ஆர்னு ஒரு நுட்பம். சிபியு? கிட்டத்தட்ட அதே சிபியு. பிஎஸ்4 ப்ரோவோட அதே சூத்திரம்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட நீங்களே மூணு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, உங்க பிஎஸ்5ல உங்களை எரிச்சலாக்கறது என்ன? "குவாலிட்டி மோடு போட்டா 30 ஃப்ரேம், பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டா படம் மங்கல்"ங்கிறதுதான் குறைன்னா, ப்ரோ அதுக்குன்னே செஞ்சது. டிராகன்ஸ் டாக்மா 2 மாதிரி, ஊருக்குள்ள போனா கூட்டத்தால சிபியு மூச்சு வாங்கற கேம்தான் உங்க பிரச்சினைன்னா, அதுக்கு ப்ரோ பெருசா ஒண்ணும் பண்ணாது.

ரெண்டு, உங்க டிவி என்ன? 1080பி டிவி வச்சிருந்தா, முதல்ல அந்தக் காசை டிவிக்குப் போடுங்க.

மூணு, ப்ரோ இல்லாததால ஆடவே முடியாத கேம்னு ஒண்ணு சொல்லுங்க பார்க்கலாம். இருக்காது. இருக்கவும் கூடாது, விதியே அதான். அதனால தம்பி, நீங்க எதையும் இழக்கல. அந்த போனஸை வச்சு நாலு நல்ல கேம் வாங்குங்க, அதுதான் என்னோட ஓட்டு. இதுவரைக்கும் கன்சோலே வாங்காதவர், கையில நல்ல 4கே டிவி இருக்கு, பட்ஜெட்டும் இருக்குன்னா, அவருக்கு ப்ரோ நல்ல சாய்ஸ்தான்.

இதுல நான் யோசிக்காம விட்ட ஒரு பக்கமும் இருக்கு. ஸ்விட்ச் 2 வாங்கினதும் என்னோட ஓலெட்டை அத்தை பையன்கிட்ட கொடுத்தேன். எட்டாம் கிளாஸ் படிக்கிறான். போன மாசம் போன் பண்ணி, "அண்ணா, மரியோ கார்ட் வேர்ல்ட் இதுல எப்படி டவுன்லோட் பண்றது, தேடினா வர மாட்டேங்குது"ன்னான். அது இதுல ஓடாதுடான்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "கிராஃபிக்ஸைக் குறைச்சுக்கூட ஓடாதா?"ன்னு கேட்டான்.

ஓடாது. 2021ல நான் கேட்ட ப்ரோ வந்திருந்தா, இன்னைக்கு அவன் கையில இருக்கிற மெஷின்லயும் அடுத்த மரியோ கார்ட் ஓடியிருக்கும். 12 பேரோட, பழைய மாதிரியே. ப்ரோ வந்தா பழைய மெஷின் வச்சிருக்கிறவங்க யாரும் வெளியே போக மாட்டாங்க, ஆனா யாரும் முன்னாடியும் போக முடியாது. அடுத்த தலைமுறை வந்தா கேம் முன்னாடி போகும், அவனை மாதிரி ஆளுங்க பின்தங்கிடுவாங்க. நிண்டெண்டோ எடுத்த முடிவு சரின்னுதான் இப்பவும் சொல்வேன். அதோட விலையை அவன்தான் கொடுக்கிறான், நான் இல்ல.

இப்போதைக்கு மரியோ கார்ட் 8 டீலக்ஸ்ல என்னை ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தோற்கடிக்கிறான். என் புது மெஷின்லயும் அது ஓடுதே, அது வரைக்கும் நல்லது.

உங்க கன்சோல்ல உங்களுக்கு இருக்கிற அடைப்பு எதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.